969 வெற்றிகளும் மூன்று வாரங்களும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த அனஹைம் டக்ஸ் ஐஸ் ஹொக்கி அணி, 2025 மே மாதத்தில் தனது புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளரை அறிவித்தது. அவர் பெயர் ஜோயல் குவென்வில். அப்போது வயது 66. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் தலைமைப் பயிற்றுவிப்பாளராக அவர் அதுவரை பெற்றிருந்த வெற்றிகள் 969. இந்தக் கணக்கில் அவருக்கு மேலே இருப்பவர் ஒருவர்தான்: 1,244 வெற்றிகளைப் பெற்ற ஸ்கொட்டி போமன். ஆயிரம் என்ற இலக்கத்தைத் தொட குவென்வில்லுக்கு அப்போது இன்னும் 31 வெற்றிகளே தேவைப்பட்டன.

இப்படியொருவரை ஓர் அணி அழைத்துக்கொள்வது வழமையாகச் செய்தியே அல்ல. ஆனால், அழைக்கப்படுவதற்கு முன்னர் மூன்றரை ஆண்டுகள் அவர் எந்த அணியையும் பயிற்றுவிக்கவில்லை. அந்த இடைவெளிக்குக் காரணம் முதுமையுமல்ல, தோல்வியுமல்ல. 2010ஆம் ஆண்டில், அவரது அணியைச் சேர்ந்த 20 வயது இளைஞர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகத் தெரிவித்த பின்னரும், கழகத்தின் உயர்மட்டத்தினர் மூன்று வாரங்கள் எதுவுமே செய்யாதிருந்தனர். அந்த மூன்று வாரங்கள் பதினொரு ஆண்டுகளின் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தன.

குவென்வில்லின் மீள்வருகை பற்றி வட அமெரிக்க ஊடகங்களில் பெரும்பாலும் 'அவர் மன்னிக்கப்பட வேண்டுமா?' என்றே பேசப்பட்டது. அதற்கு முன்னர் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. மன்னிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

பயிற்றுவிப்பாளரின் கை

ஐஸ் ஹொக்கி எமது மண்ணில் பழக்கமில்லாத விளையாட்டு. ஆனால் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் எமது உறவுகளின் வீடுகளில் அது புதிதல்ல. எனவே அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோல் காப்பாளர் உட்பட ஒரு தரப்பில் ஆறு பேர் பனித்தளத்தில் நிற்பார்கள். ஆட்டம் மூன்று பகுதிகளாக 60 நிமிடங்கள். வேகம் அதிகம் என்பதால் ஒரு வீரர் ஒரு தடவையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆடிவிட்டு வெளியேறுவார். அடுத்தவர் உள்ளே போவார். அடுத்து யார் போவது, யார் வாங்கில் உட்கார்ந்திருப்பது என்பதை ஆட்டம் முழுவதும் தீர்மானித்துக்கொண்டிருப்பவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர். ஒரு இளம் வீரரின் எதிர்காலம் அவரது கையசைப்பில் தங்கியிருக்கிறது என்பது மிகையல்ல. நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த அதிகாரத்தை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

குவென்வில் 1958இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள வின்ட்சர் நகரில் பிறந்தவர். 1978இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியால் தெரிவுசெய்யப்பட்டு, பல அணிகளுக்காகப் பின்காப்பு வீரராக 803 ஆட்டங்கள் ஆடினார். நட்சத்திர வீரர் என்று சொல்ல முடியாது. நம்பி இறக்கக்கூடியவர் என்ற பெயர் இருந்தது. 1996இல் கொலராடோ அவலாஞ்ச் அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது அவர் அதன் உதவிப் பயிற்றுவிப்பாளர். 1997 ஜனவரியில் சென்ட் லூயிஸ் புளூஸ் அணியின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. 2000இல் லீக்கின் சிறந்த பயிற்றுவிப்பாளருக்கான விருதைப் பெற்றார். சென்ட் லூயிஸில் 307 வெற்றிகள், கொலராடோவில் 131, சிக்காகோவில் 452, புளோரிடாவில் 79.

இவற்றுள் சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் அணியுடனான பத்து ஆண்டுகள்தான் அவரைப் பெரிய மனிதராக்கின. 2008 ஒக்டோபரில் அவர் பொறுப்பேற்றபோது, அந்தக் கழகம் 1961க்குப் பின்னர் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றிருக்கவில்லை. 2010இல் வென்றது. 2013இலும் 2015இலும் மீண்டும் வென்றது. 49 ஆண்டுகள் காத்திருந்த ஒரு நகரம் அந்த மீசைக்காரரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

2010 மே 23

அந்த முதலாவது கிண்ணத்துக்கு இரண்டரை வாரங்கள் முன்பு நடந்ததைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

கைல் பீச் என்ற இளைஞர் 2008இல் பிளாக்ஹோக்ஸ் அணியால் முதற் சுற்றிலேயே, 11ஆவது வீரராகத் தெரிவுசெய்யப்பட்டவர். 2010 இறுதிச் சுற்றுக்களின்போது மேலதிக வீரர்களில் ஒருவராக அழைக்கப்பட்டிருந்தார். மேலதிக வீரர்கள் அணியுடன் பயிற்சி செய்வார்கள், பயணம் செய்வார்கள், யாருக்காவது காயம் ஏற்பட்டால் மட்டுமே களமிறங்குவார்கள். முழு வாய்ப்பும் பிறர் கையில் இருக்கும் நிலை அது. அணியின் காணொளிப் பயிற்றுவிப்பாளராக இருந்த பிராட் ஆல்ட்ரிச், மே மாத ஆரம்பத்தில் தன்னை மிரட்டிப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்பது பீச்சின் முறைப்பாடு. அது இருவரின் சம்மதத்துடன் நடந்தது என ஆல்ட்ரிச் பின்னர் விசாரணையாளர்களிடம் கூறினார்.

மே 23ஆம் திகதி சிக்காகோ அணி சான் ஹொசே அணியைத் தோற்கடித்து இறுதிப் போட்டிக்குத் தகுதிபெற்றது. ஆட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில், கழகத் தலைவர் ஜோன் மக்டோனா, பொது முகாமையாளர் ஸ்டான் போமன் உள்ளிட்ட உயர்மட்டத்தினர் ஒரு அறையில் கூடினர். குவென்வில்லும் அங்கு இருந்தார். பேசப்பட்ட விடயம் ஆல்ட்ரிச் மீதான முறைப்பாடு.

அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதில் கலந்துகொண்டவர்களின் நினைவுகள் ஒத்துப்போகவில்லை. அணி இந்த இடத்துக்கு வருவதற்குப் பட்ட சிரமத்தைச் சுட்டிக்காட்டி, இப்போது இதைக் கையாள முடியாது என்று குவென்வில் கூறியதாக ஸ்டான் போமன் விசாரணையாளர்களிடம் நினைவுகூர்ந்தார். யார் என்ன சொல்லியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். ஜூன் 14 வரை எவரும் எதுவும் செய்யவில்லை. பாலியல் தொந்தரவு முறைப்பாடுகளை உடனடியாகவும் முழுமையாகவும் விசாரிக்க வேண்டும் என்பது அந்தக் கழகத்தின் எழுத்து மூலமான விதி. அந்த விதி மீறப்பட்டது என்பதே விசாரணையின் முடிவு.

மூன்று வாரம் தாமதித்தால் என்ன ஆகிவிடும் என்று அந்த அறையில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். ஆனது இதுதான். ஜூன் 9ஆம் திகதி அணி கிண்ணத்தை வென்றது. ஆல்ட்ரிச் அதுவரை அணியுடனேயே இருந்தார்; கொண்டாட்டத்திலும் இருந்தார். மறுநாள் இரவு, கழகத்தில் பயிலுநராக இருந்த 22 வயது இளைஞர் ஒருவரிடம் அவர் பாலியல் ரீதியாக அத்துமீற முயன்றார் என்று அறிக்கை பதிவு செய்கிறது. ஜூன் 16ஆம் திகதி அவருக்கு முன் இரண்டு தெரிவுகள் வைக்கப்பட்டன: விசாரணைக்கு முகங்கொடுப்பது, அல்லது விலகிச் செல்வது. அவர் விலகினார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. கொடுப்பனவும் கிடைத்தது. ஸ்டான்லி கிண்ணத்தில் அவரது பெயர் பொறிக்கப்பட்டது. வெற்றி பெற்றவர்களுக்குரிய வழக்கப்படி, ஒரு நாள் முழுவதும் அந்தக் கிண்ணத்தைத் தன்னுடன் வைத்திருக்கும் வாய்ப்பும் கிடைத்தது. அந்த ஜூன் மாத இறுதியில் அவருக்காக எழுதப்பட்ட பணி மதிப்பீட்டில் கிண்ண வெற்றிக்கான வாழ்த்து இருந்தது. அதை எழுதியவர் குவென்வில்.

எவருடைய கோவையிலும் கறை இல்லாததால் ஆல்ட்ரிச்சுக்கு வேறு இடங்களில் வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது. இறுதியில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு உயர்தரப் பாடசாலை ஹொக்கி அணியுடன் சேர்ந்து செயற்பட்டார். அங்கு ஒரு மாணவர் தொடர்பான பாலியல் குற்றத்தை 2013இல் அவர் ஒப்புக்கொண்டார், சிறைத்தண்டனையும் பெற்றார்.

2010இல் ஒரு முறையான விசாரணை நடந்திருந்தால் அந்த மாணவரின் வாழ்க்கை வேறாக இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்று நம்புவதற்கு நிறையவே காரணங்கள் உண்டு. 'இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்' என்பது நடுநிலையான முடிவு போலத் தோன்றும். அதற்கான விலையை அந்த அறையில் இல்லாத ஒருவரே செலுத்தினார்.

தெரியாது என்ற பதில்

2021 மே மாதத்தில் பீச் தன் பெயரை வெளியிடாமல் கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். கழகத்தின் முதல் பதில், குற்றச்சாட்டுகள் அடிப்படையற்றவை என்பது. அடுத்ததாக, வழக்குத் தொடுப்பதற்கான காலம் கடந்துவிட்டது என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறு நீதிமன்றத்தைக் கோரியது. ஜூலை மாதத்தில் குவென்வில் ஒரு அறிக்கை வெளியிட்டார். இந்தக் குற்றச்சாட்டுகளைப் பற்றி அந்தக் கோடைகாலத்தில் ஊடகங்கள் மூலமே முதன்முதலாக அறிந்ததாக அதில் சொன்னார்.

ரொறன்ரோவைத் தளமாகக் கொண்ட விளையாட்டுத் தொலைக்காட்சியின் செய்தியாளர் றிக் வெஸ்ட்ஹெட் உள்ளிட்ட சிலர் விடாமல் துருவியதால் அழுத்தம் கூடியது. கழகம் ஜெனர் அன்ட் புளொக் என்ற சட்ட நிறுவனத்தை விசாரணைக்கு அமர்த்தியது. 139 பேரிடம் வாக்குமூலம் பெறப்பட்டது. ஒக்டோபர் 26ஆம் திகதி 107 பக்க அறிக்கை பகிரங்கமாக வெளியிடப்பட்டது. குவென்வில் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பது அதில் பதிவாகியிருந்தது.

மறுநாள், ஒக்டோபர் 27ஆம் திகதி, கைல் பீச் தன் பெயரோடும் முகத்தோடும் தொலைக்காட்சியில் தோன்றினார். பதினொரு ஆண்டுகள் எதைச் சுமந்துகொண்டு வாழ்ந்தேன் என்று அழுதபடி சொன்னார். மிச்சிகனில் பாதிக்கப்பட்ட அந்த மாணவரிடம், தான் அப்போது இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டும் என்று கூறி மன்னிப்புக் கேட்டார். தீங்கைத் தடுக்கும் அதிகாரம் இருந்தவர்கள் மௌனமாக இருந்த இடத்தில், தீங்குக்கு உள்ளானவர் இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த முழு விவகாரத்திலும் மனதை அதிகம் வருத்தும் காட்சி அதுதான்.

அதே இரவில் குவென்வில் புளோரிடா பாந்தர்ஸ் அணியின் பயிற்றுவிப்பாளராக வழமைபோல வாங்கின் பின்னால் நின்றார். ஆடிய ஏழு ஆட்டங்களிலும் அந்த அணி வென்றது. அடுத்த நாள் லீக்கின் ஆணையாளர் கரி பெட்மனைச் சந்தித்தார். அன்றே பதவி விலகினார்.

தண்டனையா, காத்திருப்பா?

விசாரணை அறிக்கைகள் வெளிவருவதும், அவற்றின் பின் என்ன நடந்தது என்று தேட வேண்டியிருப்பதும் எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. இந்த அறிக்கையின் பின்னரும் அந்தத் தேடல் தேவைப்படுகிறது.

லீக் நிர்வாகம் பிளாக்ஹோக்ஸ் கழகத்துக்கு விதித்த தண்டம் 20 லட்சம் டொலர். ஒரு ஒப்பீடு இதன் அளவைப் புரியவைக்கும். 2010இல், ஒரு வீரரின் ஒப்பந்தத்தில் சம்பள உச்சவரம்பைத் தந்திரமாகச் சுற்றிச் சென்றதற்காக நியூ ஜேர்சி டெவில்ஸ் கழகத்துக்கு இதே லீக் 30 லட்சம் டொலர் தண்டம் விதித்தது. புதிய வீரர்களைத் தெரிவுசெய்யும் உரிமைகளிலும் கைவைத்தது. அந்தத் தண்டம் பின்னர் பாதியாகக் குறைக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் முதலில் விதிக்கப்பட்ட தொகைகள் ஒரு செய்தியைச் சொல்கின்றன. அணிகளுக்கிடையிலான போட்டியின் நியாயம் குலைந்தால் லீக் துடித்தெழும். ஒரு மனிதரின் உடல் மீதான உரிமை குலைந்தால் கணக்குப் பார்க்கும். பிளாக்ஹோக்ஸின் வீரர் தெரிவு உரிமைகள் எதுவும் பறிக்கப்படவில்லை. 2010ஆம் ஆண்டுக் கிண்ணமும் அப்படியே இருக்கிறது. ஆல்ட்ரிச்சின் பெயர் மட்டும், கழக உரிமையாளரின் கோரிக்கைக்குப் பின்னர், கிண்ணத்தில் குறுக்கெழுத்துகள் அடித்து மறைக்கப்பட்டது.

தனிநபர்களைப் பொறுத்தவரை, ஸ்டான் போமனும் இன்னொரு மூத்த அதிகாரியும் கழகத்தைவிட்டு வெளியேறினர். குவென்வில் விலகினார். மே 23 கூட்டத்தில் இருந்த கெவின் செவெல்டேயோஃப் அப்போது உதவிப் பொது முகாமையாளர். முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கவில்லை என்று கூறி, ஆணையாளர் அவர்மீது நடவடிக்கை எடுக்கவில்லை. அவர் வின்னிபெக் ஜெட்ஸ் அணியின் பொது முகாமையாளராகத் தொடர்ந்தார். 2021 டிசம்பரில் பீச்சுக்கும் கழகத்துக்கும் இடையில் விபரம் வெளியிடப்படாத இணக்கம் ஏற்பட்டது. சில வாரங்களில், 2022 பெப்ரவரியில், இரசிகர் கூட்டமொன்றில் இதுபற்றிக் கேட்ட செய்தியாளர்கள் மீது கழக உரிமையாளர் றொக்கி வேர்ட்ஸ் சீறி விழுந்தார். கைல் பீச் பற்றிப் பேசப்போவதில்லை என்றார். பின்னர் அதற்கு மன்னிப்புக் கோரினார்.

குவென்வில்லுக்கு லீக் விதித்தது ஒரு நிபந்தனைதான். மீண்டும் பணியாற்ற விரும்பினால் ஆணையாளரைச் சந்தித்து அனுமதி பெற வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்று கூறப்படவில்லை. எந்தத் தவறுக்கு எவ்வளவு என்றும் கூறப்படவில்லை. என்ன செய்தால் கதவு திறக்கும் என்பதும் பகிரங்கமாக்கப்படவில்லை. 2024 ஜூலை 1ஆம் திகதி, அவரும் போமனும் மற்றைய அதிகாரியும் பணிக்குத் திரும்பலாம் என்று லீக் அறிவித்தது. அன்றைய அவர்களது நடத்தை ஏற்கத்தக்கதல்ல என்றும், ஆனால் மூவரும் உண்மையான வருத்தத்தை வெளிப்படுத்தியுள்ளனர் என்றும் அதில் சொல்லப்பட்டது. அந்த மாதமே போமன் எட்மன்டன் ஒயிலர்ஸ் அணியின் பொது முகாமையாளரானார்.

குவென்வில்லுக்காகப் பேசுபவர்களின் வாதங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். குற்றம் இழைத்தவர் அவரல்ல. கழகத்தின் தலைவரும் பொது முகாமையாளரும் அவருக்கு மேலே இருந்தனர். முறைப்பாட்டை உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லும் முதற் கடமை அவர்களுடையது. அவர் மூன்றரை ஆண்டுகளை இழந்தார். அனஹைமில் பொறுப்பேற்றபோது, அன்று மேலும் கேள்விகள் கேட்டிருக்க வேண்டும் என்றும், அதற்கான பொறுப்பைத் தான் ஏற்பதாகவும் கூறினார். ஒரு மனிதரின் 40 ஆண்டு உழைப்பை மூன்று வாரங்களைக் கொண்டு மட்டும் அளக்கலாமா?

அளக்கக்கூடாதுதான். ஆனால் அந்த மூன்று வாரங்களை விட்டுவிட்டும் அளக்கக்கூடாது. முதலாவது கிண்ணம் அந்த வாரங்களில்தான் வெல்லப்பட்டது. மௌனத்தால் காப்பாற்றப்பட்டது அந்த வெற்றி. அவரது பெயரையும் ஊதியத்தையும் உயர்த்தியதும் அந்த வெற்றி. தவிர, 2010இன் மௌனத்துக்கு நெருக்கடியைக் காரணம் சொல்லலாம். 2021 ஜூலையில், ஆறுதலாக இருந்து எழுதப்பட்ட 'எனக்குத் தெரியாது' என்ற அறிக்கைக்கு எதைக் காரணம் சொல்வது?

கதவின் திறப்பு யாரிடம்?

இதில் ஒரு தனிமனிதரின் குணம் மட்டும் பிரச்சினையல்ல. தேசிய ஹொக்கி லீக்கில் 32 அணிகள் உண்டு. ஆகவே தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவிகளும் 32தான். அந்தச் சிறிய வட்டத்துக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஸ்டான் போமன், வெற்றிக் கணக்கில் முதலிடத்தில் இருக்கும் ஸ்கொட்டி போமனின் மகன். குவென்வில்லை அனஹைமுக்குக் கொண்டுவந்த பொது முகாமையாளர் பற் வேர்பீக், ஒருகாலத்தில் அவருடன் ஒரே அணியில் ஆடியவர். அனஹைம் அணி தொடர்ந்து ஏழு பருவங்கள் இறுதிச் சுற்றுக்குத் தகுதிபெறாதிருந்தது. அதற்கு வெற்றி வேண்டும். அவருக்கு வேலை வேண்டும். லீக் இருவருக்கும் நடுவில் நின்று அனுமதிச் சீட்டை நீட்டியது.

இந்த ஏற்பாட்டில் பாதிக்கப்பட்டவர் எங்கே இருக்கிறார்? விசாரணையை அமர்த்தியது கழகம். தண்டத்தை நிர்ணயித்தது லீக். காத்திருப்பின் நீளத்தைத் தீர்மானித்தது லீக். வருத்தம் உண்மையானது என்று சான்றிதழ் கொடுத்ததும் லீக். ஆணையாளரோ அணி உரிமையாளர்களால் நியமிக்கப்பட்டு அவர்களுக்குப் பதில் சொல்பவர். கைல் பீச்சுக்கோ மிச்சிகன் மாணவருக்கோ வாக்களிக்கும் இடம் எதுவும் இந்த ஒழுங்கில் இல்லை. அறிக்கை வெளிவந்தது பெரிய விடயம். பல நாடுகளில் அதுவும் நடப்பதில்லை. ஆனால் உண்மையைக் கண்டறிவது ஒன்று, பொறுப்புக்கூறல் இன்னொன்று. முதலாவது வெளியாரிடம் கொடுக்கப்பட்டது; இரண்டாவதை லீக் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டது.

கனடாவின் ஹொக்கி உலகுக்கு இந்தப் பாடம் முன்னரே கிடைத்திருந்தது. 1996இல் ஷெல்டன் கென்னடி என்ற வீரர், தனது இளவயதுப் பயிற்றுவிப்பாளர் கிரஹாம் ஜேம்ஸ் தன்னைத் துஷ்பிரயோகம் செய்ததை வெளிப்படுத்தினார். அடுத்த ஆண்டு ஜேம்ஸுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பிள்ளைகளைப் பாதுகாக்க எத்தனையோ திட்டங்கள் பின்னர் வந்தன. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரும், சிக்காகோவில் அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கிண்ணமே பெரிதாகத் தெரிந்தது. 2022இல், பெற்றோர் செலுத்தும் பதிவுக் கட்டணங்களில் ஒரு பகுதி பாலியல் முறைப்பாடுகளைத் தீர்ப்பதற்கான ஒரு நிதியத்துக்குச் சென்றிருந்தமை தெரியவந்தபோது, ஹொக்கி கனடா அமைப்பின் பணிப்பாளர் சபை முழுவதும் விலக வேண்டியிருந்தது. பிள்ளையைப் பனித்தளத்துக்கு அழைத்துச் செல்லும் எந்தத் தாயும் தந்தையும், தமிழரோ வேறெவரோ, தம் பணம் அங்கே போகிறது என்று அறிந்திருக்கவில்லை.

ஆகவே கனடாவிலுள்ள எமது உறவுகள் இந்தச் செய்தியிலிருந்து எடுக்கக்கூடிய கேள்விகள் மிக எளியவை. பிள்ளை சேரும் கழகத்தில் முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது? அவர் பயிற்றுவிப்பாளருக்குக் கீழே வேலை செய்பவரா, அல்லது கழகத்துக்கு வெளியே உள்ளவரா? முறைப்பாடு வந்தவர் விலகிச் சென்றால், அடுத்த கழகத்துக்கு அதைச் சொல்வது யாருடைய கடமை? 2010இல் சிக்காகோவில் இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருவராவது பதில் சொல்லியிருந்தால், மிச்சிகனில் ஒரு பிள்ளை தப்பியிருக்கக்கூடும்.

குவென்வில்லின் வெற்றிக் கணக்கு இனியும் வளரும். அதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பயிற்றுவிப்பாளர் என்ற சொல்லுக்கு வெற்றிக் கணக்கைவிடப் பழைய பொருள் ஒன்று உண்டு: பிறர் வீட்டுப் பிள்ளையைப் பொறுப்பேற்பவர். கைல் பீச் தேசிய ஹொக்கி லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஐரோப்பாவில் ஆடிய காலம் முடிந்து கனடா திரும்பிய அவர், 2022இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ட்ரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அங்குள்ள ஹொக்கி அணியில் அவருக்கு ஒரு பொறுப்பும் கிடைத்தது. உதவிப் பயிற்றுவிப்பாளர்.